அகழிக்குள் ஒரு செபப் புத்தகம்



லண்டனுக்கு விடுமுறை போகும் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒரு படம், தேம்ஸ் நதியில் ஒரு படகுச் சவாரி, மாமாவுக்குப் பிடித்த காற்பந்துக் குழுவின் திடல், கடைசி நாளில் கடைகள். பெட்டியின் எடை கூடிவிட்டதே என்ற கவலையோடு விமானம் ஏறுவோம்.

அதையெல்லாம் பாருங்கள். ஆனால் ஒரு நாளை மட்டும் மிச்சம் பிடிக்க முடிந்தால் நகரத்தைவிட்டு வெளியே வாருங்கள். லண்டனுக்குத் தெற்கே, கென்ட் வட்டாரத்தில் ஹீவர் என்றொரு சின்னக் கிராமம் இருக்கிறது. அங்கே அகழி சூழ்ந்த பழைய கோட்டை, அதைச் சுற்றிப் பெரிய தோட்டம், பார்க்க அருங்காட்சியகங்கள். ஒரு ஜூன் மாதம் அம்மாவையும் அக்காள் மகளையும் அழைத்துக்கொண்டு போய் வந்தேன். அன்றிலிருந்து, ‘லண்டனில் பிள்ளைகளோடு எங்கே போகலாம்?’ என்று கேட்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயரைத்தான் சொல்லி வருகிறேன்.

தோட்டம் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் என்னை அங்கே கட்டிப்போட்டது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கையடக்கமான ஒரு செபப் புத்தகம். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். முதலில் கோட்டைக்குள் போவோம்.

சின்னக் கோட்டை, மூன்று காலம்

கோட்டை என்றதும் நம் கண்ணில் மலை உச்சியும் மைல் கணக்கில் மதிலும் வந்து நிற்கும். ஹீவர் அப்படி இல்லை. அகழித் தண்ணீரில் வாத்துகள் மிதக்க, நடுவில் கல்லால் கட்டிய சதுரமான ஒரு வீடு. அம்மா பாலத்திலேயே நின்றுவிட்டார்.

“இவ்வளவுதானா? நம்ம ஊரு டத்தோ வீடே இதைவிடப் பெருசா இருக்கும் போலிருக்கே!”

சிரிப்பு வந்தாலும் அம்மா சொன்னதில் உண்மை உண்டு. இது போருக்காகப் படை குவித்த கோட்டை இல்லை. வசதியான ஒரு குடும்பம் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளக் கட்டிய வீடு. தூக்குப் பாலத்தைத் தாண்டியதும் வரும் வாயில் கட்டடமும் வெளிச் சுவரும் பழையவை. அவற்றின் தொடக்கம் இடைக்காலம். வாயிலின் மேலே பார்த்தால் கனத்த சட்டக் கதவு ஒன்று செங்குத்தாகத் தொங்கும். எதிரி வந்தால் அதை அப்படியே கீழே இறக்கிவிடுவார்கள்.

அந்தச் சுவருக்குள் போலின் குடும்பத்தார் வசதியான வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டது இரண்டாவது காலம். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது அது. மாடியில் வீட்டின் அகலம் முழுவதும் ஓடும் நீண்ட கூடம் அவர்கள் காலத்தது. மழை நாளில் வெளியே போக முடியாத பெண்கள் உள்ளேயே நடைபழகவும், வருகிற விருந்தாளிகளிடம் செல்வாக்கைக் காட்டவும் இப்படிப்பட்ட கூடங்கள் பயன்பட்டன.

மூன்றாவது காலம் 1903இல் தொடங்குகிறது. அதற்குள் கோட்டை பல கை மாறி, விவசாயக் குத்தகைக்காரர்கள் குடியிருந்து, சீரழிந்து கிடந்தது. அதை வாங்கியவர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர். பெயரைக் கேட்டதும் ஹோட்டல் ஒன்று நினைவுக்கு வருகிறதா? அதே குடும்பம்தான். நியூயார்க்கில் 1893இல் வால்டார்ஃப் ஹோட்டலைக் கட்டியவர் இவர்.

அவ்வளவு பணம் உள்ளவர் அந்தச் சின்னக் கோட்டையை இடித்துப் பெரிதாக்கியிருக்கலாம். அவர் செய்தது வேறு. கோட்டையைப் பழுதுபார்த்துவிட்டு, தன் விருந்தினர்களுக்கும் வேலையாட்களுக்கும் வேண்டிய நூறு அறைகளை அகழிக்குப் பின்னால் ஒரு கிராமத்தைப் போலக் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் உயரமும் கூரையும் வெவ்வேறாக இருக்கும் குடிசை வீடுகள். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த ஒரே கட்டடம். பழைய கோட்டையைப் புதுக் கட்டடம் மறைத்துவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

ஆகவே உள்ளே மரவேலைப்பாடு ஒவ்வொன்றையும் பார்த்து ‘ஐந்நூறு வருஷப் பழமை’ என்று வியந்துவிட வேண்டாம். கண்ணைக் கவரும் செதுக்கு வேலைகளில் பெரும்பகுதி ஆஸ்டர் காலத்துத் தச்சர்களின் கைவண்ணம். ஒவ்வோர் அறையிலும் எது எந்தக் காலத்தது என்று அங்குள்ள பணியாளர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டும்கூட.

இந்த வீட்டில் வளர்ந்த பெண்

1462இல் இந்த இடத்தை வாங்கியவர் ஜெஃப்ரி போலின். துணி வணிகத்தில் பணம் சேர்த்து, லண்டன் நகர மேயராகவும் இருந்தவர். அவருடைய கொள்ளுப்பேத்திதான் ஆன் போலின். எட்டாம் ஹென்றி அரசரின் இரண்டாவது மனைவி.

ஆன் பிறந்தது 1501ஆ, 1507ஆ என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பெண் பிள்ளை பிறந்ததை யாரும் குறித்து வைக்கவில்லை. 1513இல் தந்தை தாமஸ் அவரை ஐரோப்பிய அரசவைக்குப் படிக்க அனுப்பினார். பிறகு பிரான்ஸில் சில ஆண்டுகள். பிரெஞ்சு மொழியும் இசையும் நடனமும் கற்று, ஊர் திரும்பிய பெண்மேல் அரசருக்குக் காதல் வந்தது.

அந்தக் காதலில் ஹென்றி எழுதிய 17 கடிதங்கள் இன்றும் வத்திகான் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆன் எழுதிய பதில்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஹென்றிக்கு அப்போது கேத்தரின் என்ற மனைவி இருந்தார். திருமணத்தை ரத்துசெய்யப் போப்பாண்டவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் இங்கிலாந்துத் திருச்சபையே ரோமாபுரியிலிருந்து பிரிந்தது. 1533இல் ஆன் அரசியானார். அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரசர் எதிர்பார்த்தது ஆண் வாரிசு.

மூன்றே ஆண்டுகள். 1536 மே மாதம், கள்ள உறவு, ராஜதுரோகம் என்று குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டுகள் இட்டுக்கட்டியவை என்பதே இன்று பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. மே 17ஆம் நாள் உடன்பிறந்த ஜார்ஜின் தலை வெட்டப்பட்டது. மே 19ஆம் நாள் லண்டன் கோபுரத்துக்குள் ஆனின் தலை. மே 30ஆம் நாள் ஹென்றி அடுத்த திருமணம் செய்துகொண்டார்.

கோட்டை வாசலுக்கு வெளியே புனித பீட்டர் தேவாலயம் இருக்கிறது. தாமஸ் போலின் அங்கேதான் அடக்கம். இரண்டு பிள்ளைகளை மூன்று நாளுக்குள் பறிகொடுத்தவர், 1539இல் இறந்தார். கல்லறை மீது பித்தளைத் தகட்டில் அவருடைய உருவம், அரசர் தந்த உயரிய விருதின் உடையோடு. அதன் முன்னால் அம்மா நெடுநேரம் நின்றார். “பெத்தவனுக்கு இந்த உடுப்பு எதுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

துடைத்தாலும் போகாத பெயர்

ஆன் இறந்த பிறகு அரண்மனைகளில் அவருடைய சின்னங்களைச் செதுக்கி எடுத்துவிட உத்தரவு போனது. ஹாம்ப்டன் அரண்மனையில் கணவன் மனைவி இருவரின் முதல் எழுத்துகள் பின்னியிருந்த சிற்பங்களில் சில மட்டும் வேலையாட்களின் கண்ணுக்குத் தப்பின. இன்று ஆன் போலின் என்று நாம் பார்க்கும் ஓவியங்கள் எல்லாம் அவர் இறந்த பிறகு வரையப்பட்டவை, அல்லது அவர்தானா என்று சந்தேகத்துக்கு உரியவை. அவர் வாழ்ந்த காலத்திலேயே உருவாகி, அவர்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது 1534ஆம் ஆண்டுப் பதக்கம் ஒன்றுதான். அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதிலும் மூக்கு தேய்ந்துவிட்டது.

இப்போது அந்தச் செபப் புத்தகத்துக்கு வருவோம். ஹீவரில் ஆன் வைத்திருந்த செபப் புத்தகங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கையால் எழுதிய பழைய சுவடி. மற்றொன்று 1527 வாக்கில் பாரிஸில் அச்சானது. இதே பதிப்பின் ஒரு பிரதி முதல் மனைவி கேத்தரினிடமும் இருந்தது. அது இப்போது நியூயார்க் மார்கன் நூலகத்தில் உள்ளது. ஒருவர் வாழ்வை மற்றவர் கெடுத்ததாக உலகம் பேசிய இரண்டு பெண்களும் ஒரே புத்தகத்தைப் பார்த்துத்தான் செபித்திருக்கிறார்கள்.

அந்த அச்சுப் புத்தகத்தின் ஓரத்தில், செபம் சொல்லும்போது தன்னை நினைத்துக்கொள்ளும்படி வேண்டி இரண்டு வரி எழுதித் தன் பெயரையும் இட்டிருக்கிறார் ஆன்.

ராஜதுரோகி என்று கொல்லப்பட்டவரின் கையெழுத்துள்ள புத்தகத்தை வைத்திருப்பது அன்று எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அடுப்பில் போட்டால் ஒரு நிமிட வேலை. ஆனாலும் யாரோ அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். யார் என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது.

2021இல் விடை வந்தது. கென்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்த கேட் மெக்காஃப்ரி என்ற இளம் பெண், புற ஊதா ஒளியின் கீழ் அந்தப் பக்கங்களைப் பரிசோதித்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாதபடி அழிக்கப்பட்டிருந்த கையெழுத்துகள் அந்த வெளிச்சத்தில் எழுந்து வந்தன. கேஜ், வெஸ்ட், ஷர்லி என்ற குடும்பப் பெயர்கள். ஒன்றைப் பிடித்து ஒன்றாகத் தேடிப் போனபோது, கென்ட் வட்டாரத்தில் ஒருவருக்கொருவர் உறவும் நட்புமான பெண்களின் வட்டம் ஒன்று தெரிந்தது. தாய் மகளுக்கு, அத்தையோ சித்தியோ அடுத்த தலைமுறைக்கு என்று புத்தகம் கைமாறியிருக்கிறது. வாங்கிய ஒவ்வொருவரும் தன் பெயரை ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் யாரோ அந்தப் பெயர்களையும் அழித்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்கள் யாருக்கும் பாடப் புத்தகத்தில் இடமில்லை. வாளோ பதவியோ அவர்களிடம் இல்லை. ஒரு பொருளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். ‘இது யாருடையது தெரியுமா?’ என்று அடுத்தவரிடம் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் அரசராலேயே துடைக்க முடியாமல் போனதற்கு அவர்களும் ஒரு காரணம்.

வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும் என் போன்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாழ்த்து அனுப்பும் நேயர்கள் பட்டியலில் ஒரு பெயரையும் விட்டுவிட மாட்டார்கள். பாட்டி, பெரியம்மா, சின்னத்தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா என்று வரிசை நீளும். நிகழ்ச்சி நேரம் போதவில்லை என்று சுருக்கப் பார்த்தால், “எங்க பாட்டி பேரை மட்டும் விட்டுறாதீங்க” என்று மறுபடியும் அழைப்பு வரும். தன் வீட்டுப் பெயர் காற்றில் ஒருமுறை ஒலிக்க வேண்டும் என்ற ஆசைதான் அது. புத்தக ஓரத்தில் பெயர் எழுதிய அந்தப் பெண்களுக்கும் அதே ஆசை இருந்திருக்கும்.

நமக்கும் இதற்கும் என்ன?

அக்காள் மகளுக்குப் பதின்மூன்று வயது. “வெள்ளைக்கார ராணி கதை நமக்கு எதுக்கு?” என்று அவளே கேட்டாள். நியாயமான கேள்வி.

தாய் கொல்லப்பட்டபோது அந்தப் பெண் குழந்தைக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முறையான வாரிசு இல்லை என்று அவளை ஒதுக்கி வைத்தார்கள். அவள்தான் 1558இல் முதலாம் எலிசபெத் என்று அரியணை ஏறி, 44 ஆண்டுகள் ஆண்டாள். 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் லண்டன் வணிகர்கள் சிலருக்கு அவள் ஓர் அரச சாசனம் வழங்கினாள். அப்படிப் பிறந்ததுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் ஆட்கள்தாம் பிறகு மதராஸில் கோட்டை கட்டினார்கள். 1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் வந்திறங்கினார்கள். கப்பல் ஏறி இங்கே வந்த நம் முன்னோர் பலரின் கதை அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

இதைச் சொன்னதும் அவள் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள். அதையே பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

தோட்டமும் பயணக் குறிப்பும்

கனமான கதைக்குப் பிறகு காலை நீட்டி நடக்க 125 ஏக்கர் தோட்டம் காத்திருக்கிறது. இதுவும் ஆஸ்டரின் வேலைதான். 1904 முதல் 1908 வரை நடந்தது. கோடியில் தெரியும் 38 ஏக்கர் ஏரி இயற்கையானது என்று நினைத்துவிடாதீர்கள். 800 பேர் இரண்டு ஆண்டுகள் மண் வெட்டி உருவாக்கியது. ஆஸ்டரின் பெயர் எல்லாப் பலகையிலும் இருக்கிறது. அந்த 800 பேரின் பெயர்கள் எனக்கு எங்கும் தென்படவில்லை.

ஆஸ்டர் ஒரு காலத்தில் இத்தாலிக்கான அமெரிக்கத் தூதராக இருந்தவர். அங்கே சேர்த்த பழைய சிற்பங்களை வைக்கவே இத்தாலியத் தோட்டம் என்ற பகுதியை அமைத்தார். யூ மரங்களைக் கத்தரித்துச் செய்த சதுரங்கக் காய்கள், அதே மரத்தால் 1906இல் நட்டு வளர்த்த புதிர்ப்பாதை, 4,000க்கும் மேற்பட்ட ரோஜாச் செடிகள் கொண்ட தோட்டம் என்று பிள்ளைகளும் பெரியவர்களும் பொழுது போக்க நிறைய உண்டு. கென்ட் குதிரைப்படையின் வரலாறு சொல்லும் ராணுவ அருங்காட்சியகம் ஒன்றும் வளாகத்திலேயே இருக்கிறது.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ஹீவர் நிலையத்துக்கு ரயில் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அது சின்னக் கிராமத்து நிலையம். வாசலில் டாக்சி நிற்காது. கோட்டைக்குச் சுமார் ஒரு மைல் நடக்க வேண்டும். நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால் முன்னதாகவே வண்டிக்குச் சொல்லி வையுங்கள். கோட்டைக்குள் சுழல் படிக்கட்டு மிகக் குறுகல். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனம்.

காலையில் தோட்டத்தை முடித்துக்கொண்டு, பிறகு கோட்டைக்குள் போவது வசதி. ஏப்ரலில் துலிப், ஜூனில் ரோஜா. கட்டணமும் திறக்கும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் எல்லா அறைகளையும் ஓட்டமாகப் பார்க்க வேண்டாம். செபப் புத்தகங்கள் இருக்கும் பெட்டியின் முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள். அந்தப் பெண்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இங்கிலாந்து போகும் வாய்ப்பு இப்போது இல்லை என்றாலும் பரவாயில்லை. செய்வதற்கு வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. அலமாரியில் இருக்கும் பழைய படப் பெட்டியை இந்த வாரம் இறக்குங்கள். தோட்டத்து லயத்து முன்னால், கல்யாணப் பந்தலில், பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். வீட்டில் மூத்தவர் யாரோ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “இது யாரு? இவங்க பேரு என்ன? எங்க எடுத்தது?” என்று கேளுங்கள். பெரியப்பா, தாத்தா பெயர்கள் உடனே வந்துவிடும். பின்வரிசையில் முக்காடிட்டு நிற்கும் பெண்களின் பெயர்களைக் கேட்கும்போதுதான் கொஞ்சம் யோசிப்பார்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

கிடைத்த பெயரைப் படத்தின் பின்பக்கத்தில், ஓரமாக, மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், நாளாவட்டத்தில் மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். எழுதியவர் பெயரையும் தேதியையும் கீழே போட மறக்காதீர்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.